ஆப்டிமிஸ்ட்டை விட்டு இறங்கும் பிள்ளைக்கு அடுத்த படகு எது? ஐஎல்சிஏ 4, ட்வென்டிநைனர், 420: ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு 13 வயது. மூன்று வருடமாக ஆப்டிமிஸ்ட் (ஒருவர் ஓட்டும் சிறுவர் பாய்மரப் படகு) ஓட்டுகிறது. போன வருடம் வாங்கிய லைஃப் ஜாக்கெட் இப்போதே இறுக்குகிறது, டேக் செய்யும்போதெல்லாம் (காற்றுக்கு எதிரே படகைத் திருப்பும்போது) பூம் (பாயின் அடிக்கழி) தலையில் இடிக்கிறது. பயிற்சியாளர் ஒரு படகைச் சொல்கிறார். துறையில் நிற்கும் மற்ற பெற்றோர் இன்னொன்றைச் சொல்கிறார்கள். பிள்ளையோ யூடியூபில் ட்வென்டிநைனர் பாய்ந்து போவதைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று நிற்கிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதியது இது.

முடிவு தவறாகப் போனால் பணம் மட்டும் போவதில்லை. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றரை வருடம் கடைசி இடத்தில் வந்து, பாய்மரப் படகையே விட்டுவிடுகிறது. ஆப்டிமிஸ்ட்டுக்கு அடுத்த கட்டத்தில்தான் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்கள். திறமைக் குறைவு அதற்குக் காரணமாவது அபூர்வம். பெரும்பாலும் உடலுக்குப் பொருந்தாத படகு, அல்லது பாதியில் விட்டுப்போன துணை.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எடை. இன்றைய எடையோடு, அடுத்த 18 மாதத்தில் அது எங்கே போகும் என்பதும் கணக்கில் வரவேண்டும். பாயில் விழும் காற்றை உடல் எடைதான் தாங்கி நிறுத்துகிறது. ஒரு படகுக்கு 10 கிலோ குறைவாக இருக்கும் பிள்ளை பலத்த காற்றில் போட்டியிடுவதில்லை, தப்பித்துக் கரை சேருகிறது.

பக்கத்தில் எத்தனை படகுகள். உங்கள் துறையிலிருந்து வார இறுதியில் அதே வகைப் படகு எத்தனை இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் ஸ்டார்ட் பழகவே முடியாது. கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதும், காற்றுத் திரும்பும்போது யார் முன்னே போகிறார் என்று பார்ப்பதும் பக்கத்தில் படகு இருந்தால்தான் வரும்.

துணை. இருவர் ஓட்டும் படகு என்றால் இரண்டு குடும்பம், இரண்டு பள்ளி, இரண்டு தேர்வு அட்டவணை.

நீரும் காற்றும். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே எழும் அலை வேறு, போபால் மேல் ஏரியின் தட்டையான நீர் வேறு.

கண்ணுக்குத் தெரியாத செலவு. படகின் விலை முதல் தவணை மட்டுமே. பாய், கம்பி, கோச் படகின் பெட்ரோல், வெளியூர்ப் போட்டியில் வாடகைப் படகு எல்லாம் அதன் பின்னால் வரும்.

ஒலிம்பிக்கை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 13 வயதில் அதை வைத்துப் படகு தேர்ந்தெடுப்பது பயனில்லாத வேலை. எந்தப் படகில் நன்றாகப் பழகினாலும் பின்னால் மாறிக்கொள்ளலாம்.

| | ஆப்டிமிஸ்ட் | ஐஎல்சிஏ 4 | ட்வென்டிநைனர் | 420 |
|---|---|---|---|---|
| ஓட்டுபவர் | 1 | 1 | 2 | 2 |
| நீளம் | 2.3 மீ | 4.2 மீ | 4.4 மீ | 4.2 மீ |
| வெறும் உடற்பகுதி எடை | 35 கிலோ | 59 கிலோ | 70 கிலோவுக்கு மேல் | 80 கிலோ |
| மேல்காற்றுப் பாய் (காற்று வரும் திசை நோக்கி ஓடும்போது, ச.மீ.) | சுமார் 3.3 | 4.7 | சுமார் 13 | சுமார் 10 |
| ஸ்பின்னக்கர் (காற்றோடு ஓடும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாய்) | இல்லை | இல்லை | உண்டு, 15 ச.மீ.க்குக் குறையாது | உண்டு, சுமார் 9 ச.மீ. |
| ட்ரபீஸ் (படகுக்கு வெளியே தொங்கி நிற்க உதவும் கம்பி) | இல்லை | இல்லை | ஒன்று | ஒன்று |
| பொருந்தும் எடை | 35–50 கிலோ | 50–60 கிலோ | இருவரும் சேர்ந்து 115–135 கிலோ | இருவரும் சேர்ந்து 105–130 கிலோ |
| அடுத்த படி | – | ஐஎல்சிஏ 6, 7 | ஃபார்ட்டிநைனர், எஃப்எக்ஸ் | 470 |

'பொருந்தும் எடை' வரிசையில் உள்ளது, வெல்ல முடிகிற அளவு. அதற்கு வெளியே இருந்தாலும் படகு மிதக்கும், ஓடும். ஆனால் காற்று ஏறும்போதோ இறங்கும்போதோ பின்தங்கும்.

## இன்னும் ஒரு வருடம் ஆப்டிமிஸ்ட்டிலேயே இருந்தால்?

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. 15 வயது நிறையும் ஆண்டின் டிசம்பர் வரை ஆப்டிமிஸ்ட்டில் போட்டியிட விதி இடம் தருகிறது. 13 வயதில் 40 கிலோ இருக்கும் பிள்ளைக்கு அங்கே இன்னும் நல்ல வருடங்கள் மீதி உண்டு. நாட்டிலேயே அதிகப் பிள்ளைகள் மோதும் களமும் அதுதான். கூட்டமான ஸ்டார்ட் லைனை இங்கே பழகினால் எந்தப் படகிலும் கைகொடுக்கும்.

எடை 50-ஐத் தாண்டினாலோ, மெல்லிய காற்றில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் தோற்றாலோ அங்கே வைத்திருக்க வேண்டாம். உயரம் கூடி முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தால் முதுகு வளையும். அந்தப் பழக்கம் அடுத்த படகிலும் தொடரும்.

## ஐஎல்சிஏ 4

பழைய பெயர் லேசர் 4.7. 2019-இல் பெயர் மாறியது. அதைவிடப் பெரிய பாய் கொண்ட ரேடியல் இப்போது ஐஎல்சிஏ 6, இன்னும் பெரிய பாய் கொண்ட ஸ்டாண்டர்ட் இப்போது ஐஎல்சிஏ 7. துறையில் இன்னும் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் படகின் பெரிய பலம் ஒரு எளிய அமைப்பு. பாய்மரம் இரண்டு துண்டு. உடற்பகுதி, பூம், சுக்கான், டாகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகை), மேல் துண்டு எல்லாம் மூன்று அளவுக்கும் பொது. பிள்ளை 60 கிலோவைத் தாண்டினால் கீழ்த் துண்டையும் பாயையும் மாற்றினால் போதும், அதே படகு ஐஎல்சிஏ 6 ஆகிவிடும். 13 வயதில் வாங்கிய படகு 18 வயது வரை கூட வரும். வளரும் பிள்ளைக்கு இங்கே ஒப்பிடும் மற்றப் படகுகள் இந்த வசதியைத் தருவதில்லை.

இந்தியாவில் இந்த வழி தேய்ந்து பழகிய வழியும்கூட. சென்னையின் நேத்ரா குமணன் ஆப்டிமிஸ்ட்டில் தொடங்கி இந்த வரிசையில்தான் ஏறி, டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஓட்டினார். விஷ்ணு சரவணனும் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் ஐஎல்சிஏ 7 ஓட்டியவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் நேஹா தாக்கூர் வெள்ளி வென்றது ஐஎல்சிஏ 4 பெண்கள் பிரிவில். வழி தெரிந்த பயிற்சியாளர், பழைய படகு, உதிரிப் பாகம் எல்லாம் இந்த வகைக்கு நாட்டுக்குள்ளேயே கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

எங்கே தவறு நடக்கிறது. அவசரத்தில். ஆப்டிமிஸ்ட் போரடிக்கிறது என்று 42 கிலோப் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்கள். 8 நாட் (நாட் என்பது காற்றின் வேக அளவு, மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்றில் அழகாக ஓட்டும். 14 நாட் வந்ததும் ஷீட்டை (பாயை இழுக்கும் கயிற்றை) தளர்த்திக்கொண்டே போகும், பாய் படபடக்கும், படகு சாய்ந்தே ஓடும். சாய்ந்த படகைச் சுக்கானால் இழுத்துப் பிடிக்கப் பழகினால் அந்தக் கையை மாற்ற ஒரு வருடம் ஆகும். சோதிக்க ஒரு வழி: நல்ல காற்றில் மேல்காற்று ஓடும்போது கோச் படகிலிருந்து பூமின் நுனியைப் பாருங்கள். படகின் பின்மூலைக்கு மேலேயோ உள்ளேயோ நின்றால் பிள்ளை தாங்குகிறது. பாயைத் தட்டையாக்கும் வாங், கன்னிங்ஹாம் கயிறுகள் இரண்டையும் நன்றாக இழுத்த பிறகும் பூம் மூலையைத் தாண்டி வெளியிலேயே தொங்கினால் இன்னும் எடை போதவில்லை.

இரண்டாவது, முழங்கால். ஐஎல்சிஏவில் படகைச் சமமாக நிறுத்துவது முழுக்க ஹைக்கிங்தான். கால்பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு, தொடையின் பலத்தில் உடம்பை வெளியே நிறுத்த வேண்டும். வேகமாக வளரும் வயதில் தொடைத் தசை முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டை இழுத்து வலி எடுக்கும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்துங்கள், இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கரையில் ஹைக்கிங் பெஞ்சில் வாரம் மூன்று நாள், 30 விநாடி வீதம் ஐந்து முறை என்று தொடங்கி மெதுவாக ஏற்றுவதுதான் சரி. படகு வந்த பிறகு தொடங்கினால் தாமதம். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மூன்றாவது, பாய்மரப் போட்டி விதிகளில் 42-ஆவது. பாயை விசிறுவதும், உடம்பை ஆட்டிப் படகைத் தள்ளுவதும் குற்றம். பெரிய போட்டிகளில் நடுவர்கள் ரப்பர் படகில் பின்தொடர்ந்து மஞ்சள் கொடி காட்டுவார்கள். முதல் கொடிக்கு இரண்டு சுற்றுத் தண்டனை. இரண்டாவது கொடி வாங்கினால் அந்தப் பந்தயத்திலிருந்தே விலக வேண்டும். உள்ளூரில் யாரும் கண்டிக்காததால் பழகிப்போனது வெளியூரில் மாட்டும்.

பழைய ஐஎல்சிஏ வாங்கும்போது. மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து 15 நிமிடம் விடுங்கள். இறங்கினால் உள்ளே கசிவு. கசியும் குழி ஒருநாள் நடுக்கடலில் பிய்ந்து, மரம் மேல்தளத்தையே கிழித்துக்கொண்டு விழும். அதனால் இந்தச் சோதனையில் தோற்ற படகை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடுத்து, உட்காரும் ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளிருக்கும் நுரை விட்டுவிட்டது. தராசில் ஏற்றுங்கள்: 59 கிலோ இருக்க வேண்டிய படகு 64 காட்டினால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. மேல் துண்டு அலுமினியம் என்றால் தட்டையான தரையில் உருட்டிப் பார்த்தாலே வளைவு தெரிந்துவிடும்.

எப்போது இதுவே சிறந்தது: பிள்ளை 48 கிலோவைத் தாண்டிவிட்டது, உங்கள் துறையில் ஐஎல்சிஏ கூட்டம் இருக்கிறது, நம்பகமான துணை கையில் இல்லை. தமிழ்நாட்டில் பத்தில் ஏழு குடும்பத்துக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்.

## ட்வென்டிநைனர்

ஜூலியன் பெத்வைட் வடிவமைத்த இந்தப் படகு, ஒலிம்பிக் ஃபார்ட்டிநைனரின் தம்பி. ஓடாமல் நின்றால் கவிழும். வேகம்தான் அதற்கு நிலை. ஸ்பின்னக்கர் ஏறியதும் கிடைக்கும் ஓட்டத்தை ஒருமுறை அனுபவித்த பிள்ளையை மற்றப் படகுக்கு இழுப்பது கடினம். அந்த ஆசையைக் குறைத்து எடைபோட வேண்டாம். குளிரிலும் தோல்வியிலும் பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் இறக்குவது அந்த ஆசைதான்.

வேலைப் பிரிவு ஆப்டிமிஸ்ட்டிலிருந்து முற்றிலும் வேறு. ஜிப் (முன்பாய்) தானாகவே மறுபக்கம் போய்விடும். மேல்காற்றில் முன்னால் ட்ரபீஸில் தொங்குபவர் பெரும்பாலும் மெயின்ஷீட்டையும் (பெரிய பாயின் கயிற்றையும்) பிடிக்கிறார், பின்னால் இருப்பவர் சுக்கானை மட்டும் பார்க்கிறார். ஸ்பின்னக்கரை ஏற்றுவதும் இறக்குவதும் அதை இழுத்து ஓட்டுவதும் முன்னவரின் வேலை. முன்னவர் வெறும் எடைக்கு ஏற்றப்பட்ட ஆள் அல்ல, படகின் எஞ்சினே அவர்தான். சுக்கான் யாருக்கு என்று இரண்டு பெற்றோரும் சண்டையிடுவதைப் பார்த்தால் அவர்கள் இந்தப் படகைப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்துவிடும்.

முதல் ஆறு மாதம் கவிழ்ந்துகொண்டே இருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். கவிழ்ந்தால் சில விநாடியில் முழுக்கத் தலைகீழாகிவிடும். ஆழம் குறைந்த ஏரியில் மரத்தின் நுனி சேற்றில் குத்தி வளைகிறது, சில சமயம் ஒடிகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே ஆழம் உண்டு, ஆனால் குட்டை அலையில் அணியம் (படகின் முன்முனை) குத்தி இருவரும் முன்னால் வீசப்படுவார்கள். ஸ்பின்னக்கரோடு ஓடும்போது இருவரும் பின்னோக்கி நகர்ந்து நிற்கப் பழகும்வரை 15 நாட் வேகத்துக்கு மேல் காற்று இருந்தால் வெளியே விடக் கூடாது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். வகுப்பு விதி வேறு சொல்லாத இடத்தில், ட்ரபீஸ் பட்டையிலிருந்து நொடியில் கழன்றுகொள்ளும் கொக்கி 2023 முதல் போட்டி விதியிலேயே கட்டாயம். பழைய நிலையான கொக்கிப் பட்டையை இரவல் வாங்கிப் போடாதீர்கள். தலைகீழான படகுக்கடியில் பிள்ளை சிக்குவது அந்தக் கொக்கியால்தான். இருவர் இடுப்பிலும் கயிறறுக்கும் கத்தி ஒன்று, இருவர் தலையிலும் ஹெல்மெட்.

மறைமுகச் செலவு. ஐஎல்சிஏ பயிற்சிக்கு ஒரு கோச் படகு எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ளும். புதிதாகப் பழகும் ட்வென்டிநைனர் என்றால் நான்கு படகுக்கு ஒரு கோச் படகு வேண்டும், பெட்ரோல் செலவு அங்கேயே இரட்டிப்பு. ஸ்பின்னக்கர் கிழியும், ஒட்டும் நாடா எப்போதும் பையில் இருக்க வேண்டும். நம் வெயிலிலும் உப்பிலும் பக்கக் கம்பிகள் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும் என்று நம்ப வேண்டாம். கம்பி முனையில் ஒரு இழை பிரிந்தாலும் உடனே மாற்றுங்கள். வெளிநாட்டுப் போட்டியில் வாடகை ஐஎல்சிஏ சுலபமாகக் கிடைக்கும், ட்வென்டிநைனருக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பெரிய மறைமுகச் செலவு துணைதான். இன்று இருவரும் சேர்ந்து 100 கிலோ. 13-லிருந்து 15-க்குள் இரண்டு பையன்களும் வளர்ந்தால் 140-ஐத் தொட்டுவிடுவார்கள், படகு மெல்லிய காற்றில் எழும்பாது. ஒருவர் பத்தாம் வகுப்பு, மற்றவர் பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஒருவருக்கு முடியும்போது மற்றவருக்குத் தொடங்கும், படகு பாதி வருடம் கரையில் உறைபோட்டுக் கிடக்கும். ஒரே வகுப்பில் படிக்கும் இருவர், ஒருவர் மற்றவரைவிட 8–10 கிலோ குறைவு, வீடுகளுக்கு இடையே அரை மணிப் பயணம்: இது மூன்றும் சேர்ந்தால் நல்ல ஜோடி. நட்பு மட்டும் போதாது. கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஃபார்ட்டிநைனரில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஒன்றாக ஓட்டியதற்குப் பின்னால் இருப்பது சிறுவயதிலிருந்து சேர்ந்து கழித்த ஆண்டுகள்.

வாங்கும் முன்பே இரண்டு குடும்பமும் எழுதிக் கையெழுத்திட வேண்டியவை: படகு யார் பெயரில், உடைந்தால் யார் எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் பங்கை என்ன கணக்கில் மற்றவர் வாங்குவார், எத்தனை மாத முன்னறிவிப்பு. சங்கடமாக இருக்கும்தான். மரம் ஒடிந்த அன்று பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எப்போது இதுவே சிறந்தது: மேலே சொன்ன ஜோடி தயார், சேர்ந்த எடை 105-ஐத் தாண்டிவிட்டது, துறையில் குறைந்தது நான்கு படகு, கூடவே வரும் கோச் படகு. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் ஒரு வருடம் காத்திருங்கள்.

## 420

பிரான்சில் 1959-இல் கிறிஸ்டியன் மோரி வரைந்த படகு. வயதானது, வேகத்தில் ட்வென்டிநைனரின் அருகே வராது. ஆனாலும் பாய்மர நுட்பத்தை இவ்வளவு முழுதாகக் கற்றுத்தரும் இளையோர் படகு வேறில்லை. கம்பிகளின் இறுக்கத்தைக் கருவியால் அளந்து காற்றுக்கேற்ப மாற்றுவது, மரத்தின் சாய்வைச் சரிசெய்வது, கழியோடு கூடிய ஸ்பின்னக்கரை ஜைப் செய்வது (காற்றோடு ஓடும்போது மறுபக்கம் மாற்றுவது) என்று கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பொறுமையான, எதையும் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது பிடித்துப்போகும்.

நிலையான படகு என்பதால் தொடக்கத்தில் பயம் குறைவு. இரண்டு ஒல்லியான பிள்ளைகள், சேர்ந்து 95–100 கிலோ என்றால், ட்வென்டிநைனரைவிட இதில்தான் விரைவில் போட்டிக்குத் தயாராவார்கள். 420-க்கு அடுத்த படியான 470 என்ற படகு, பாரிஸ் 2024 முதல் ஒலிம்பிக்கில் ஆண் பெண் கலந்த பிரிவாகிவிட்டது. அண்ணன் தங்கை ஜோடிக்கும் இனி அங்கே வழி உண்டு.

குறைகள் இரண்டு. பாய், மரம் எல்லாம் ஏற்றினால் 100 கிலோவைத் தொடும் படகை மணலில் இரண்டு பிள்ளைகள் இழுக்க முடியாது, அகலச் சக்கர ட்ராலியும் இரண்டு பெரியவர்களும் வேண்டும். அடுத்து, ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் ஓடும் இந்த வகை உங்கள் துறையில் இரண்டே இரண்டு நிற்கலாம். துணைச் சிக்கல் இங்கும் அப்படியேதான்.

எப்போது இதுவே சிறந்தது: சங்கத்திலேயே படகு இருக்கிறது, அதை ஓட்டிய பயிற்சியாளர் இருக்கிறார், ஜோடி இலேசானது. சொந்தமாக வாங்கி இறக்குமதி செய்ய இந்த வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

## விண்ட்சர்ஃபிங்?

பாய் பொருத்திய பலகையில் போக விரும்பும் பிள்ளைக்கு டெக்னோ 293 நல்ல தொடக்கம். 15 வயதுக்குக் கீழே 6.8, 17-க்குக் கீழே 7.8 சதுர மீட்டர்ப் பாய். அங்கிருந்து நீருக்கு மேலே பறக்கும் ஐக்யூஃபாயிலுக்குப் போகலாம். அது தனி உலகம், படகில் கற்ற கயிறு வேலை அங்கே அதிகம் உதவாது. பாறையும் மீன்வலையும் உள்ள கடற்கரையில், நீருக்கடியில் இறக்கை கொண்ட ஃபாயில் பலகை ஆபத்து என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## வாங்கும் முன் ஐந்து நாள்

எந்தப் படகையும் சங்கத்தில் ஐந்து நாள் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அதில் இரண்டு நாளாவது 12 நாட் வேகத்துக்கு மேல் காற்று இருக்க வேண்டும். மெல்லிய காற்றில் எல்லாப் படகும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துவது போலத்தான் தெரியும்.

முதல் நாள் கரையிலேயே கழியட்டும்: பாய் ஏற்றுவது, இறக்குவது, முடிச்சுகள், யாரும் உதவாமல். இரண்டாம் நாள் கவிழ்த்து நிமிர்த்துவது மட்டும், பத்து முறை. ஏழாவது, எட்டாவது முறையில் பிள்ளை டாகர்போர்டின் மேல் ஏறி நின்று நிமிர்த்த முடிகிறதா என்று பாருங்கள், முதல் முறையில் முடிவதில் ஒன்றுமில்லை. மூன்றாம், நான்காம் நாள் பலத்த காற்று: 20 நிமிடம் நிற்காமல் மேல்காற்று, பிறகு கீழ்க்காற்று (காற்று போகும் திசையில்). ஐந்தாம் நாள் மூன்று ஸ்டார்ட். 5, 4, 1, 0 என்ற கொடி வரிசையோடு, பக்கத்தில் மற்றப் படகுகளோடு.

ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் இருக்கும் ஸ்பிரிங்ஹேவன் துறையிலிருந்து இறங்குபவர்கள் கடற்காற்று நிலைத்த பிறகு, மதியத்துக்கு மேல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசி, மதியம் கடற்காற்று எதிர்த் திசையில் நுழையும். இடையில் காற்று செத்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த முடிவு எதற்கும் உதவாது. அக்டோபரில் மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிட்டால், டிசம்பர் வரை கிடைக்கும் இடைவெளியில் ஹைக்கிங் பயிற்சியும் பழைய படகு தேடுவதும் நடக்கும். ஆப்டிமிஸ்ட்டை உடனே விற்றுவிடாதீர்கள். புதிய படகில் மூன்று மாதம் கழித்துப் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அப்போது விற்கலாம்.